தள்ளாடுற எலி: நகர்ற நரம்பு செல்லுக்கு வழி சொல்றது யாரு? ஒரு முழு கேஸ்

1948ல எடின்பரோ ஊர்ல டக்ளஸ் ஃபால்கனர்னு ஒரு மரபியல் ஆளு வளர்த்துட்டு இருந்த எலிக் கூட்டத்துல சில குட்டிங்க மட்டும் ஒழுங்கா நடக்கல. பிறந்தப்ப ஒண்ணும் தெரியாது, பால் குடிக்கும், கூடப்பிறந்ததுங்களோட சுருண்டு தூங்கும், ஆனா ரெண்டு வாரம் ஆகி மத்ததெல்லாம் ஓட ஆரம்பிக்கும்போது இதுங்க மட்டும் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த முடியாம ஒரு பக்கமா சாயும், எழும், நாலு அடி வைக்கும், திரும்ப சாயும். டாஸ்மாக் வாசல்ல ராத்திரி பத்து மணிக்குப் பார்க்கிற நடை. ஃபால்கனர் அதுக்கு 'ரீலர்'னு பேர் வச்சாரு, ரீல்னா அவங்க மொழியில தள்ளாடுறது, நம்ம ஊர் ரீல் விடுறது இல்ல. 1951ல ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்ல இதை எழுதினாரு. அந்தப் பத்திரிகையை அப்ப நடத்திட்டு இருந்தவர் ஹால்டேன்னு பேர்போன மரபியல் விஞ்ஞானி, அவர் 1957ல இந்தியாவுக்கே குடி வந்தப்ப பத்திரிகையையும் கூடவே கொண்டு வந்துட்டாரு, இன்னைக்கு அது பெங்களூர்ல இருந்து வருது. அதனால இந்த கேஸோட எஃப்.ஐ.ஆர் ஒரு வகையில நம்ம பக்கத்து ஊர் ஸ்டேஷன்ல தான் இருக்குன்னு வச்சுக்கலாம்.

அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு வர்ற ஜீனோட ரெண்டு காப்பியும் கெட்டிருந்தா தான் குட்டி தள்ளாடும், ஒண்ணு மட்டும் கெட்டிருந்தா நல்லாத்தான் ஓடும். ஆக ஒரே ஒரு ஜீன். அந்த ஒரு ஜீன் என்ன செய்யுதுன்னு கண்டுபிடிக்க 44 வருஷம் ஆச்சு. அந்த 44 வருஷத்துல எல்லாரும் சந்தேகப்பட்டது நடந்து போற செல்லை, கடைசில மாட்டினது நடக்காம உக்காந்திருந்த வேற ஒரு செல்லு, அதனால தான் இதை ஒரு முழு கேஸா எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல நார்மல் என்னன்னு பார்த்துடுவோம்

நம்ம மூளையோட மேல்தோல் மாதிரி இருக்கிற கார்டெக்ஸ்ல ஆறு அடுக்கு இருக்கு. ஆனா அந்த அடுக்குல இருக்கிற நியூரான், அதாவது நரம்பு செல், எதுவும் அங்க பிறந்தது இல்ல. எல்லாம் உள்ள, மூளைக்குள்ள தண்ணி நிக்கிற குழிங்க இருக்கே வென்ட்ரிக்கிள், அதோட சுவர் ஓரமா பிறந்து அங்கிருந்து வெளிப்பக்கமா ஏறி வருது. எப்படி ஏறுதுன்னு 1972ல பாஸ்கோ ராகிச் குரங்கு மூளையில எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வச்சுக் காமிச்சாரு: ரேடியல் க்ளியான்னு ஒரு செல், உள்சுவர்ல இருந்து வெளிச்சுவர் வரைக்கும் ஒரு நீள நாரை விட்டு வச்சிருக்கும், அந்த நாரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நியூரான் தென்னை மரம் ஏறுற மாதிரி ஏறும். அப்புறம் 2001 வாக்குல தெரிஞ்சது இன்னும் அழகு, அந்த ரேடியல் க்ளியா சும்மா ஏணி இல்ல, நியூரானைப் பெத்ததே அது தான். அம்மா முதுகு மேலயே ஏறி வீட்டை விட்டு வெளிய போற பிள்ளை.

இப்ப வரிசை. 1961ல ஆஞ்செவினும் சிட்மனும் ஹார்வர்டுல, கர்ப்பமா இருக்கிற எலிக்கு கதிரியக்கம் ஏத்தின தைமிடின், அதாவது டி.என்.ஏ கட்டுற ஒரு பொருளை, ஊசி போட்டாங்க. அந்த நேரத்துல பிறக்கிற செல்லோட டி.என்.ஏல அந்தக் கறை ஒட்டிக்கும், பிற்பாடு அந்த செல் எங்க போய் உக்காந்திருக்குன்னு பார்த்தா இந்தத் தேதியில பிறந்தது இந்த மாடிக்குப் போச்சுன்னு தெரிஞ்சிடும். பார்த்தா தலைகீழ்: முதல்ல பிறந்தது அடியிலயே நின்னுடுது, அடுத்து வர்றது அதைத் தாண்டி மேல போகுது, அதுக்கும் அடுத்தது ரெண்டையும் தாண்டி இன்னும் மேல.

விசித்திரம் என்னன்னா இது நம்ம டவுன் பஸ் மாதிரி தான். முதல்ல ஏறினவன் படிக்கட்டு பக்கத்துலயே கம்பியைப் பிடிச்சு நின்னுப்பான், பின்னாடி ஏறுறவன் அவனை இடிச்சு, பையை இடிச்சு, உள்ள போகணும். ஒழுங்கான க்யூன்னா முதல்ல ஏறினவன் கடைசி வரைக்கும் உள்ள போகணும், அடுத்தவன் அவனுக்கு முன்னாடி நிக்கணும், இல்லையா? மூளைக்கு டவுன் பஸ் தான் நார்மல். ஒழுங்கான க்யூ தான் வியாதி. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கேஸே இதுல தான் நிக்குது.

ரீலர் மூளையை அறுத்துப் பார்த்தா

முதல்ல கண்ணுல பட்டது சிறுமூளை, உடம்பு சாயாம நடையைப் பார்த்துக்கிற பகுதி. நார்மல் எலியோட சிறுமூளை முட்டைக்கோஸை நறுக்கின மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும், ரீலர்ல அது சின்னதா, மடிப்பே இல்லாம மொழுக்குன்னு இருக்கு. வெளிப்பக்கம் ஒரே வரிசையா நிக்க வேண்டிய புர்கின்ஜேங்கிற பெரிய நரம்பு செல்லுங்கள்ல பெரும்பாலானது உள்ள ஆழத்துல கும்பலா கட்டி மாதிரி தேங்கிக் கிடக்கு. தள்ளாட்டத்துக்கு காரணம் இது தான், கார்டெக்ஸ் இல்ல.

கார்டெக்ஸ் கதை வேற. 1970கள்ல வெர்ன் கேவினஸும் சிட்மனும் அதே தைமிடின் ஊசியை ரீலர்ல போட்டாங்க. செல்லு பிறக்கிற தேதில ஒரு தப்பும் இல்ல, எந்த நாள் எந்த வகை பிறக்கணுமோ அன்னைக்கு அது பிறக்குது, மேலயும் ஏறுது, ஆனா முன்னாடி வந்தவனைத் தாண்ட மாட்டேங்குது. முன்னாடி வந்தது மேல, பின்னாடி வந்தது கீழ, க்யூல நிக்கிற மாதிரி.

இன்னொரு அடையாளம் உண்டு, இதை விட முக்கியம்னு நான் நினைக்கிறது. கார்டெக்ஸ் கட்ட ஆரம்பிக்கும்போது எல்லாத்துக்கும் முன்னாடி வந்த செல்லுங்க சேர்ந்து ஒரு மெல்லிய படலமா கிடக்கும், ப்ரீபிளேட்னு பேர். நார்மல்ல அடுத்த கூட்டம் வந்து அந்தப் படலத்தை நடுவுல பிளந்துக்கிட்டு உள்ள நுழையும், பாதி மேல போயிடும் பாதி அடியில தங்கிடும், சாண்ட்விச் மாதிரி. ரீலர்ல பிளக்கவே இல்ல. ப்ரீபிளேட் மொத்தமா மேலயே உக்காந்திருக்கு, வந்த கூட்டமெல்லாம் அதுக்கு அடியில முட்டிக்கிட்டு நிக்குது. அதாவது முதல் நாளே கோளாறு ஆரம்பிச்சாச்சு, மத்ததெல்லாம் அதோட பின்விளைவு.

ஆச்சரியம் என்னன்னா இப்படித் தலைகீழா கட்டின கார்டெக்ஸ் வேலை செய்யுது. ரீலர் எலியோட பார்வைப் பகுதியில மின் பதிவு எடுத்துப் பார்த்தவங்க, நரம்புங்க கிட்டத்தட்ட நார்மலா தான் பதில் சொல்லுதுன்னு 1980கள்ல எழுதினாங்க. வயரிங் தன் ஆளைத் தேடிப் போய்ச் சேர்ந்துடுது, எந்த மாடியில இருந்தாலும் கொரியர்காரன் கண்டுபிடிக்கிற மாதிரி. அப்ப அடுக்கு எதுக்கு? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடல, ஆனா இந்த கேஸ்ல அது இல்ல, விட்டுடுவோம்.

சந்தேகம் யார் மேல

இயல்பா எல்லாருக்கும் தோணினது, நடக்கிற செல்லுக்குக் கால் சரியில்ல, இல்லைன்னா நாரைப் பிடிச்சு ஏறத் தெரியல. ஆனா நார்மல் கருவையும் ரீலர் கருவையும் ஒட்டி ஒரே எலியாக்கின கலப்பு எலிங்க வந்தப்ப இந்தக் கதை ஆட்டம் கண்டுச்சு. அந்த எலிக்குள்ள ரெண்டு வகை புர்கின்ஜே செல்லும் கலந்து இருக்கும். கால் தான் பிரச்சனைன்னா நார்மல் செல்லு சரியான இடத்துக்கும் ரீலர் செல்லு தப்பான இடத்துக்கும் போயிருக்கணும், ஆனா அப்படிப் பிரியல, ரீலர் ஜீன் வச்சிருந்த செல்லே சரியான இடத்துல போய் நின்னிருந்துச்சு. பக்கத்துல நல்ல ஆளு யாராவது இருந்தா இவனும் ஒழுங்கா நடக்கிறான். அதாவது குறை செல்லுக்குள்ள இல்ல, வெளிய இருந்து வர வேண்டிய ஏதோ ஒண்ணு வரல.

என்ன அது? இங்க ரெண்டு டீம், ரெண்டு வழி, ஒரே வருஷம்.

முதல் டீம் நியூஜெர்சில ரோச் ஆராய்ச்சிக் கூடத்துல டாம் கரன். அவங்க ரீலரைத் தேடவே இல்ல. ஃபாஸ்னு வேற ஒரு ஜீனை எலிக்குள்ள செருகி அது என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு இருந்தாங்க, செருகின எலிங்கள்ல ஒரு வம்சம் மட்டும் தள்ளாட ஆரம்பிச்சுது. முதல்ல ஃபாஸோட வேலைன்னு தான் யாருக்கும் தோணும், ஆனா ரீலரோட கலந்து பார்த்தப்ப செருகின துண்டு தற்செயலா ரீலர் ஜீனுக்கு நடுவுல போய் விழுந்து அதை உடைச்சிருக்குன்னு தெரிஞ்சுது. குறி வச்சு எறிஞ்சது ஒரு மாங்காய்க்கு, விழுந்தது எல்லாரும் 40 வருஷமா தேடின மாங்காய். செருகின துண்டோட டி.என்.ஏ வரிசை கைல இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டே பக்கத்துல போனா ஜீன் கிடைச்சிடும். 1995ல காப்ரியல் டார்காஞ்சலோவும் கூட்டாளிகளும் நேச்சர்ல வெளியிட்டாங்க, புரோட்டீனுக்கு ரீலின்னு பேர். 3461 அமினோ அமிலம், பெரிய சைஸ், செல்லுக்குள்ள தங்காது, வெளிய கக்கி விடுற வகை.

ரெண்டாவது டீம் ஜப்பான்ல ஒகாவா, மிகோஷிபா ஆட்கள். இவங்க பண்ணது எனக்கு இன்னும் பிடிச்சது, ஏன்னா மெஷின் இல்லாம மூளையை மட்டும் வச்சுப் பண்ணின வேலை. ரீலர் எலிக்கு அந்தப் புரோட்டீன் பிறந்ததுல இருந்தே இல்ல, அப்ப நார்மல் எலியோட கரு மூளையை அரைச்சு ரீலர் எலிக்கே ஊசி போட்டா அது தனக்கு இல்லாத அந்த ஒண்ணை மட்டும் அந்நியன்னு நினைச்சு அதுக்கு எதிரா ஆன்டிபாடி பண்ணும் இல்லையா. நோயாளியையே போலீஸ் நாயா ஆக்கிட்டாங்க. அப்படிக் கிடைச்ச ஆன்டிபாடிக்கு சி.ஆர்-50ன்னு பேர் வச்சு நார்மல் மூளை வெட்டுல தடவிப் பார்த்தா அது போய் ஒட்டினது மேல, ஓரமா, ஒரே ஒரு வகை செல்லுல: கஹால்-ரெட்சியஸ் செல். 1890கள்லயே கஹாலும் ரெட்சியஸும் வரைஞ்சு வச்சுட்டுப் போன செல்லு, நூறு வருஷமா இது எதுக்கு இருக்குன்னு யாருக்கும் சரியா தெரியாது, கார்டெக்ஸோட உச்சியில படுத்துக்கிடக்கும், வேலை முடிஞ்சதும் பெரும்பாலானது செத்துப் போயிடும். இன்னொண்ணும் பண்ணாங்க, நார்மல் செல்லுங்களைப் பிரிச்சு டிஷ்ல திரும்ப கூட விட்டு அதுல சி.ஆர்-50 ஊத்தினாங்க, நார்மல் செல்லுங்க ரீலர் மாதிரியே அடுக்கிக்கிச்சு. பிற்பாடு 1997ல சி.ஆர்-50 பிடிக்கிறது ரீலினைத் தான்னு உறுதியாச்சு.

ஆக குற்றவாளி ஏறுறவன் இல்ல, மாடியில உக்காந்து குரல் கொடுக்க வேண்டியவன் வாயைத் திறக்கல. சிறுமூளையிலயும் அதே கதை, அங்க குரல் கொடுக்கிறது வெளிப்பக்கத்து கிரான்யூல் செல்லுங்களும் இன்னும் சிலதும்.

கேக்கிற காது

குரல் இருந்தா காது இருக்கணும். அதுவும் தள்ளாட்டத்துலயே தான் மாட்டுச்சு. ஸ்கிராம்ப்ளர்னு ஒரு எலி, ஜப்பான்ல யோட்டாரின்னு ஒரு எலி, ரெண்டும் அச்சு அசல் ரீலர் மாதிரியே சாயுது, ஆனா ரெண்டுலயும் ரீலின் நிறைய இருக்கு. குரல் வருது, கேக்கல. 1997ல ரெண்டுலயும் உடைஞ்சிருந்தது டாப்1னு ஒரு ஜீன்னு தெரிஞ்சுது, அதே சமயம் சியாட்டில்ல ஜொனாதன் கூப்பர் லேப்ல வேற காரணத்துக்காக டாப்1ஐ எடுத்த எலிங்களும் அதே மாதிரி தள்ளாடிட்டு நின்னுச்சு. டாப்1 செல்லுக்குள்ள இருக்கிற தந்திக்காரன், வெளிய செய்தி வந்ததும் ஃபின், சார்க்னு சில என்சைம் அது மேல பாஸ்பேட் ஒட்டும், ஒட்டினதும் வேலையை முடிச்சிட்டு டாப்1 சிதைஞ்சு போயிடும். ரீலர் எலில செய்தியே வராததால டாப்1 சிதையாம செல்லுக்குள்ள குவிஞ்சு கிடக்கும், போஸ்ட்மேன் லீவுன்னா தபால் ஆபீஸ்ல மூட்டை சேருற மாதிரி.

வெளிக்கதவு எதுன்னு கிடைச்சது தான் பெரிய ட்விஸ்ட். டல்லாஸ்ல ஜோகிம் ஹெர்ஸ், அது கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்கு 1985ல நோபல் வாங்கின பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இருந்த கேம்பஸ், அங்க கொலஸ்ட்ரால் சம்பந்தப்பட்ட ரிசப்டர் குடும்பத்துல வி.எல்.டி.எல்.ஆர் ஒண்ணு, அப்போ-ஈ-ஆர்-2 ஒண்ணு, தனித்தனியா எடுத்தா பெருசா ஒண்ணும் ஆகல, சின்னச் சின்ன கோளாறு தான், ரெண்டையும் சேர்த்து எடுத்தாங்க, எலி தள்ளாடுச்சு. 1999. கொழுப்பு ஏத்துற கதவுன்னு நினைச்ச ஒண்ணு மூளை கட்டும்போது செய்தி வாங்குற கதவா இருந்திருக்கு. உடம்பு எதையும் புதுசா வாங்காது, இருக்கிற அண்டா குண்டாவையே எல்லா விசேஷத்துக்கும் எடுக்கும்.

ஆனா அந்தக் குரல் என்ன தான் சொல்லுது

இங்க தான் எனக்குப் பாடப்புத்தகத்தோட சண்டை. நான் படிச்ச காலத்துல ஒரே வரி: ரீலின் ஒரு ஸ்டாப் சிக்னல், மேல வந்ததும் நில்லுன்னு சொல்லும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ரீலர்ல உச்சி அடுக்குல கூட்டம் புகுந்து கிடக்கிறதும் அதோட ஒத்துப் போகுது. ஆனா யோசிங்க, நில்லுன்னு சொல்ற ஆளே இல்லைன்னா பின்னாடி வர்றவனும் நிக்காம மேல தானே போகணும், ஏன் கீழ முட்டிக்கிட்டு நிக்கிறான்?

2002ல கரன் லேப்லயே ஒரு சோதனை பண்ணாங்க, ரீலர் எலில ரீலினைத் திரும்பக் கொடுத்தாங்க, ஆனா மாடியில இல்ல, கீழ, செல்லு பிறக்கிற வாசல்லயே சுரக்கிற மாதிரி. ஸ்டாப் சிக்னல்னா என்ன ஆகணும்? வாசல்லயே எல்லாம் நின்னுருக்கணும். நிக்கல. ப்ரீபிளேட் பிளந்துச்சு, தள்ளாட்டம் சரியாச்சு, எலி நடந்துச்சு. ஆனா கார்டெக்ஸ் அடுக்கு முழுசா சரியாகல. ஆக நில்லு அப்படிங்கிறது முழு பதில் கிடையாது, எங்க இருந்து குரல் வருதுங்கிறது சில வேலைக்கு முக்கியமே இல்ல, சில வேலைக்கு முக்கியம்.

அப்புறம் வந்த வேலைங்க இன்னும் நுணுக்கமா போச்சு. ஏறுற செல்லு முன்னாடி ஒரு கையை நீட்டிக்கிட்டே போகும், அந்தக் கை உச்சி அடுக்கைத் தொட்டதும் ரீலின் அங்க அந்தக் கையை இறுகப் பிடிக்க வைக்குது. செல்லுக்குள்ள எலும்புக்கூடு மாதிரி இருக்கிற ஆக்டின் கம்பியை கோஃபிலின்னு ஒண்ணு அறுத்துட்டே இருக்கும், ரீலின் வந்ததும் அந்த அறுவாளை முடக்கிடுதுன்னு 2009ல மைக்கேல் ஃப்ரோட்ஷர் குழு காமிச்சுது. 2011ல வேற ரெண்டு குழு, ராப்1ங்கிற இன்னொரு புரோட்டீன் வழியா என்-கேடெரின்கிற பசை செல்லு மேல கூடுதுன்னு காமிச்சாங்க. கை மேல ஒட்டியாச்சுன்னா செல்லு நாரை விட்டுட்டு அந்தக் கையையே கயிறு மாதிரி சுருட்டி உடம்பை மேல இழுத்துக்கும், முன்னாடி வந்தவனைத் தாண்டிடும். நில்லு இல்ல, பிடிச்சுக்கோ. எனக்கு இது தான் சரியா படுது, டவுன் பஸ்ல மேல் கம்பி கைக்கு எட்டினவன் தான கூட்டத்தைத் தாண்டி உள்ள போக முடியும், எட்டாதவன் படிக்கட்டுலயே தான்.

இன்னொரு வேடிக்கை, இந்த கஹால்-ரெட்சியஸ் செல்லும் பிறந்த இடத்துலயே உக்காந்திருக்கிறது இல்ல, கார்டெக்ஸோட ஓரங்கள்ல பிறந்து மேற்பரப்பு வழியா பக்கவாட்டுல பரவி வந்து தான் உக்காருது. அதுக்கு வழி சொல்றது யாருன்னு கேட்டா அது இன்னொரு கேஸ்.

மனுஷங்க கிட்ட

2000ல க்ரிஸ் வால்ஷ் குழு ரெண்டு குடும்பத்தைப் பத்தி எழுதினாங்க, ரெண்டுலயும் சொந்தத்துக்குள்ள கல்யாணம், ரெண்டுலயும் குழந்தைங்களுக்கு ரீலின் ஜீன்ல ரெண்டு காப்பியும் கெட்டுப்போயிருந்துச்சு. எம்.ஆர்.ஐல கார்டெக்ஸ் தடிமனா, மடிப்பு குறைவா, சிறுமூளை ரொம்பச் சின்னதா மொழுக்குன்னு. எலிக்கு தள்ளாட்டத்தோட போச்சு, குழந்தைங்களுக்கு அப்படி இல்ல: உடம்பு தொளதொளன்னு, வலிப்பு, பேச்சும் நடையும் ரொம்பப் பின்தங்கி. மாமன் பொண்ணு, அக்கா பொண்ணு கட்டுற நம்ம பக்கத்துல இதைப் படிக்கிறவங்களுக்குக் கணக்கு தெரிஞ்சிருக்கட்டும், அம்மா அப்பா ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கெட்ட காப்பி வச்சிருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு, அவங்க ரெண்டு பேரும் பார்க்க நல்லாத்தான் இருப்பாங்க. 2005ல வட அமெரிக்காவுல தனிக் கூட்டமா வாழுற ஹட்டரைட் மக்கள்கிட்ட வி.எல்.டி.எல்.ஆர் ஜீன் மொத்தமா காணாமப் போன குடும்பங்க கிடைச்சுது. அங்க இன்னொரு கதவு மிச்சம் இருக்கிறதால கார்டெக்ஸ் அவ்வளவு கெடல, சிறுமூளை தான் அடி வாங்கியிருக்கு, குழந்தைங்க ரொம்ப லேட்டா நடக்கும், நடந்தாலும் தள்ளாட்டம். டல்லாஸ் எலிங்க சொன்னதும் இதுவும் பொருந்துது.

மொழுக்கு மூளைன்னாலே ரீலின்னு நினைச்சுடக் கூடாது, அதுங்கள்ல இது அபூர்வம். அதிகமா பார்க்கிறது லிஸ்1, டிசிஎக்ஸ்னு ரெண்டு ஜீன், அங்க குரல் சரியா இருக்கு, காதும் சரி, இன்ஜின் தான் போயிடுச்சு. லிஸ்1ஐ 1993ல கண்டுபிடிச்சப்ப அது என்ன பண்ணுதுன்னு யாருக்கும் புரியல, ரெண்டு வருஷம் கழிச்சு ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சைல நியூக்ளியஸை இழுத்து நகர்த்துற ஜீன் ஒண்ணைத் தேடினவங்க கையில அதோட அண்ணன் தம்பி சிக்குச்சு. அதாவது கையை நீட்டியாச்சு, ஒட்டியாச்சு, ஆனா நியூக்ளியஸ்ங்கிற பெரிய பெட்டியை பின்னாடி இருந்து இழுத்துட்டு வர டைனீன்னு ஒரு புரோட்டீன் மோட்டாருக்கு லிஸ்1 உதவி வேணும், அது இல்லைன்னா செல்லு பாதி வழியிலயே நிக்கும். டிசிஎக்ஸ் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ஆண் குழந்தைக்கு மொழுக்கு மூளை, பெண் குழந்தைக்கு பாதி செல்லுல நல்ல காப்பி ஓடுறதால பாதி கூட்டம் மேல போய்ச் சேரும் மீதி நடுவழியில தங்கி கார்டெக்ஸுக்குக் கீழ இன்னொரு கார்டெக்ஸ் மாதிரி பட்டையா தெரியும்.

அதனால ஸ்கேனைப் பார்க்கும்போதே ஓரளவு பிரிச்சிடலாம். கோளாறு பின்பக்கம் அதிகம்னா லிஸ்1 பக்கம் சந்தேகம், முன்பக்கம் அதிகம்னா டிசிஎக்ஸ், கூடவே சிறுமூளையும் மடிப்பில்லாம சுண்டைக்காய் சைஸ்ல இருந்தா அப்ப தான் எடின்பரோ எலி ஞாபகத்துக்கு வரணும், ரீலின் ஜீனைப் பார்க்கச் சொல்லி எழுதணும்.